வாசகர் கேள்விகள்: மீன் காட்சியகம் கடலுக்கு என்ன செய்கிறது?

கேள்வி: விடுமுறையில் பிள்ளைகளை ஒரு பெரிய மீன் காட்சியகத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். எட்டு வயது மகள் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டே, "இது மீனுக்கு ஜெயில்தானேம்மா?" என்று கேட்டுவிட்டாள். வாசலில் 'கடலைக் காப்போம்' என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். உண்மையிலேயே ஏதாவது செய்கிறார்களா, இல்லை டிக்கெட் விற்கத்தானா?

பதில்: மகள் கேட்டது நல்ல கேள்வி, அவளைச் சமாளித்து அனுப்பிவிடாதீர்கள். சில இடங்கள் ஜெயில்தான். இன்னும் சில இடங்கள் ஆஸ்பத்திரி வேலையும் பார்க்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்க்க நான் கேட்பது ஒன்றைத்தான்: அந்தத் தொட்டியிலிருந்து கடலுக்குத் திரும்பிப் போவது என்ன?

கலிஃபோர்னியாவில் மான்டெரே பே அக்வேரியம் என்று ஒன்று, 1984இல் திறந்தது. அந்தக் கரையில் கடல் நீர்நாய்களைத் தோலுக்காக வேட்டையாடி வேட்டையாடி, ஒரு கட்டத்தில் ஐம்பது போலத்தான் மிஞ்சின. இப்போது சுமார் மூவாயிரம் இருக்கின்றன. தாயைப் பிரிந்து கரை ஒதுங்கும் குட்டிகளை இந்த அக்வேரியம் எடுத்து வளர்க்கிறது. முதலில் ஆட்களே வளர்த்தார்கள். ஆனால் மனிதக் கையில் வளர்ந்த குட்டி மனிதரிடமே திரும்பி வரும், கடலில் விட்டால் படகைத் தேடிப் போகும். அதனால் 2001 முதல், திரும்பக் கடலுக்குப் போக முடியாத நிலையில் அங்கேயே தங்கிவிட்ட பெண் நீர்நாய்களிடம் குட்டியை ஒப்படைக்க ஆரம்பித்தார்கள். நண்டை எப்படிப் பிடிப்பது, சிப்பியை எப்படி உடைப்பது எல்லாம் அந்த வளர்ப்புத் தாய்தான் சொல்லிக்கொடுக்கும். குட்டிக்குப் பக்கத்தில் போக வேண்டிய ஊழியர்கள் கறுப்பு அங்கியும் வெல்டிங் செய்பவர்கள் போடும் முகமூடியும் மாட்டிக்கொண்டு போகிறார்கள், மனித முகம் அதற்குப் பழகிவிடக் கூடாதென்று. ஒரு குட்டியைக் கொஞ்சாமல் இருப்பதற்கு இவ்வளவு பாடுபடுகிறார்களே என்று எனக்கு மனது நெகிழ்ந்துவிட்டது.

அப்புறம் என்ன ஆனது என்பதுதான் முக்கியம். எல்க்ஹார்ன் ஸ்லூ என்ற பக்கத்துக் கழிமுகத்தில் இப்படி வளர்ந்தவற்றை விட்டார்கள். 2002இலிருந்து 2016 வரை அங்கே கூடிய நீர்நாய் எண்ணிக்கையில் பாதிக்கு மேல் இவையும் இவற்றின் வாரிசுகளும்தான் என்று 2019இல் வெளியான ஆய்வு சொல்கிறது. நீர்நாய் நண்டைத் தின்கிறது, நண்டு குறைந்ததால் அது தின்னும் கடல் நத்தைகள் பெருகின, அந்த நத்தைகள் கடற்புல்லின் மேல் படியும் பாசியை மேய்ந்ததால் புல் மறுபடி தழைத்தது. மகளிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள், அவளுக்குப் புரியும்.

கேள்வி: பவளத்தைத் தொட்டியில் வளர்ப்பதாகச் சொல்கிறார்களே, பவளப்பாறை அழிவுக்கு அது ஒரு தீர்வாகுமா?

பதில்: தீர்வு என்று சொல்ல மாட்டேன். கடல் சூடாவது நிற்காவிட்டால் நட்ட பவளமும் வெளுத்துத்தான் போகும். ஆனால் விதைநெல்லைப் பத்திரப்படுத்துவது போன்ற வேலை இது, அதைக் குறைத்து மதிப்பிடவும் மாட்டேன். ஃப்ளோரிடாவில் 2014இல் தலைகாட்டிய ஒரு நோய் பவளங்களின் சதையையே கரைத்துக்கொண்டு போனது. தூண் பவளம் அங்கே கடலில் அநேகமாக இல்லாமலே போய்விட்டது. நோய் தொடாத துண்டுகளை முன்கூட்டியே எடுத்து அக்வேரியங்களில் வைத்திருந்தார்கள். இந்தப் பவளம் வருடத்துக்கு ஒருமுறை, பௌர்ணமி கழிந்த சில இரவுகளில்தான் முட்டையும் விந்தும் வெளியிடும். கூரைக்குக் கீழே இருக்கும் தொட்டியில் பௌர்ணமி ஏது? அதனால் சூரியன் உதிப்பது, மறைவது, நிலா வளர்வது, தேய்வது, பருவத்துக்குப் பருவம் மாறும் நீரின் சூடு எல்லாவற்றையும் கணினி வைத்து அப்படியே உருவாக்கினார்கள். லண்டனில் ஹார்னிமன் அருங்காட்சியகம் பழக்கிக் காட்டிய முறை இது. 2019 ஆகஸ்டில் ஃப்ளோரிடா அக்வேரியத்தில் தூண் பவளம் தொட்டிக்குள்ளேயே முட்டையிட்டது.

கேள்வி: ஆனால் தொட்டியில் இருக்கும் மீன்களையே கடலிலிருந்துதானே பிடித்து வருகிறார்கள்? அது எப்படிப் பாதுகாப்பு ஆகும்?

பதில்: நேர்மையான பதில்: ஆமாம், அழகுக்காக வளர்க்கும் கடல் மீன்களில் பெரும்பாலானவை கடலில் பிடித்தவைதான். சில இடங்களில் சயனைடு கரைசலைப் பவள இடுக்கில் பீய்ச்சி, மயங்கிய மீனை அள்ளுகிறார்கள். மீன் பிழைத்தாலும் பவளம் செத்துவிடும். அதனால் எங்கிருந்து வாங்கினீர்கள் என்று எந்தக் காட்சியகத்தையும் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நல்ல இடங்கள் தாங்களே இனப்பெருக்கம் செய்ய வைக்கின்றன, ஒன்றுக்கொன்று பரிமாறிக்கொள்கின்றன.

எனக்குப் பிடித்த உதாரணம் ஜீப்ரா சுறா. இந்தோனேசியாவின் ராஜா அம்பாட் கடலில் சுறாப் பிடிப்பைத் தடைசெய்தும் இந்த இனம் மட்டும் மீளவில்லை. இருபது போலத்தான் இருந்தன, துணை கண்டுபிடிப்பதே பாடு. அக்வேரியங்களிலோ இது தாராளமாக முட்டையிடும். அந்த முட்டைகளை 2022இல் ஆஸ்திரேலியாவிலிருந்து விமானத்தில் அனுப்பி, உள்ளூர் மக்களே குஞ்சு பொரிக்க வைத்து, இரை தேடப் பழக்கி, 2023 ஜனவரியில் முதல் இரண்டு குட்டிகளைக் கடலில் விட்டார்கள்.

திமிங்கலம், டால்பின் விஷயத்தில் மட்டும் நான் மசிய மாட்டேன். ஒரு நாளில் அத்தனை தூரம் நீந்தும் விலங்கைத் தொட்டியில் வைத்து வித்தை காட்டச் சொல்வதைக் கல்வி என்று என்னால் ஏற்க முடியாது.

கேள்வி: நல்ல காட்சியகம் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: மீட்பு வேலை உண்டா, எத்தனை விலங்குகளைத் திரும்ப விட்டார்கள் என்று கேளுங்கள். கணக்கைப் பொதுவில் வைக்கிறவர்களை நம்பலாம். உணவகத்தில் பிளாஸ்டிக் ஸ்ட்ராவும் பையும் இருக்கிறதா பாருங்கள். அமெரிக்காவில் 19 அக்வேரியங்கள் சேர்ந்து 2017இல் இதைக் கைவிட்டன. பம்பும் குளிரூட்டியும் இரவு பகலாக ஓடுவதால் மின்சாரம் ஏராளமாகச் செலவாகும், அதைப் பற்றி வாய் திறக்கிறார்களா என்பதும் ஒரு நல்ல சோதனை. கழிவு நீரை எப்படிச் சுத்திகரிக்கிறார்கள் என்றும் கேளுங்கள். 1984இல் மொனாகோவின் கடல்சார் அருங்காட்சியகத்துக்குக் கீழே கடலில் ஒரு சதுர மீட்டர் அளவுக்கு ஒரு பாசி தென்பட்டது. அங்கிருந்த தொட்டியிலிருந்து வெளியேறியதாகவே பெரும்பாலோர் நம்பும் காலெர்ப்பா என்ற அந்தப் பாசி, பின்னர் மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஹெக்டேருக்குப் பரவியது.

கேள்வி: வீட்டுத் தொட்டி மீன்கள் ரொம்பப் பெரிதாகிவிட்டன. கடலிலோ குளத்திலோ விட்டுவிடலாமா? பாவம், சுதந்திரமாக இருக்கட்டுமே.

பதில்: தயவுசெய்து வேண்டாம். அட்லாண்டிக்கில் இன்று பவளப்பாறை மீன்களை விழுங்கித் தீர்க்கும் சிங்கமீன் அந்தக் கடலைச் சேர்ந்ததே அல்ல. 1985இல் ஃப்ளோரிடா பக்கம் முதலில் பார்த்தார்கள், வளர்த்தவர்கள் விட்டதுதான் காரணமாக இருக்க வேண்டும். வாங்கிய கடையிலேயே திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் பெரிய தொட்டி வைத்திருக்கும் வேறொருவரிடம் கொடுங்கள். தொட்டித் தண்ணீரையும் செடியையும்கூட ஓடையில் கொட்டாதீர்கள். கொடுக்க ஆள் கிடைக்கும்வரை கொஞ்சம் பொறுங்கள், அதுவரை தண்ணீரில் ஒரு பகுதியை மட்டும் அடிக்கடி மாற்றி வையுங்கள்.