லயத்து முற்றத்தில் நாடகம்

அன்புள்ள அக்கா,

மூணாறு பக்கம் ஓர் எஸ்டேட்டில் இருக்கிறேன். அம்மா கொழுந்து எடுக்கிறார். டிகிரி முடித்துவிட்டு, லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளின், பிள்ளைகளைச் சேர்த்து நாடகக் குழு நடத்துகிறேன். குடி பற்றியும் போதை பற்றியும் நாடகம் போட்டோம். சனங்கள் சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து போகிறார்கள். எங்கள் மக்களுக்கு விழிப்புணர்வு போதாது. பெண் பிள்ளைகளை ஒத்திகைக்கு அனுப்பவும் மறுக்கிறார்கள். தமிழில் போடுவதா, மலையாளத்திலா? நல்ல ஸ்கிரிப்ட் எங்கே கிடைக்கும்?

ச.

அன்புள்ள தம்பி,

வீட்டில் எந்த மொழியில் சண்டை போடுகிறீர்களோ அந்த மொழியில் போடுங்கள். ஸ்கிரிப்ட் தேடுவதை விடுங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி எனக்குக் கோபமூட்டியது. விழிப்புணர்வு யாருக்குப் போதாது? 2015 செப்டம்பரில் போனஸ் 10 சதவீதமாகக் குறைந்தபோது மூணாறில் நடுரோட்டில் உட்கார்ந்தது யார்? அன்று நாள்கூலி 232 ரூபாய். தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டே வரவிடாமல், தாங்களே கோஷம் போட்டு, கருணைத்தொகையையும் சேர்த்து 20 சதவீதம் என்று முடிவான பிறகுதான் கொழுந்து எடுக்கும் அந்தப் பெண்கள் எழுந்தார்கள். உங்கள் அம்மா அங்கே இருந்தாரா என்று ஒருநாளாவது கேட்டீர்களா? அவரை உட்காரவைத்து, குடி கெடுதல் என்று பெற்ற பிள்ளையே பாடம் எடுத்தால் எழுந்து போகத்தான் செய்வார். குடிகாரனோடு குடும்பம் நடத்துகிறவளுக்கு அதை நீங்கள் சொல்லித் தெரிய வேண்டுமா?

என் பெரியம்மா வண்டிப்பெரியாறில் கொழுந்து எடுத்தவர். பள்ளி லீவுக்கு அங்கே போவேன். சாயங்காலம் லயத்து வாசலில் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, கொழுந்து எடை போடுகிறவர் தராசில் எப்படிக் கழிக்கிறார் என்று நடித்துக் காட்டுவார். எதிர்வீட்டு அக்கா குறுக்கே புகுந்து, "இல்லக்கா, அவன் இப்படித்தான் மூக்கச் சொறிவான்" என்று சாக்கைப் பிடுங்கிக்கொள்வார். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலிக்கும். மறுநாள் எடை போடும் இடத்தில் யார் வாய் திறப்பது என்பதும் அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே முடிவாகிவிடும்.

பிரேசில் நாடகக்காரர் அகஸ்தோ போவால் 1970களில் பெரு நாட்டில் நாடகம் போட்டபோது, பார்வையாளராக இருந்த ஒரு பெண், நடிகர்கள் செய்வது சரியில்லை என்று விடாமல் மறுத்தார். சரி, நீங்களே வந்து காட்டுங்கள் என்று அவரை மேடைக்குக் கூப்பிட்டார் போவால். பிரச்சினை முற்றும் இடத்தில் நாடகத்தை நிறுத்தி, பார்ப்பவரை உள்ளே அழைக்கும் அவருடைய முறை அப்படித்தான் வளர்ந்தது. இது ஏதோ படித்தவர்கள் வித்தை என்று நினைக்காதீர்கள். எங்கள் எதிர்வீட்டு அக்காவைப் போவாலுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

உங்களிடம் கதையா இல்லை? வேலை முடிந்து ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். வீட்டைக் காப்பாற்றவே பிள்ளைகளில் ஒருவர் எஸ்டேட் வேலைக்குப் போகிறார். உங்கள் குழுவிலேயே அப்படிப் போகப்போகிறவர் இருப்பார். அண்ணனா, தங்கையா, கோயம்புத்தூரில் வேலை கிடைத்தவனா? அதை நடியுங்கள். யார் போவது என்று அப்பா ஒரு பெயரைச் சொல்லும் இடத்தில் நிறுத்துங்கள். "இந்த வீட்டில் நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். எழுந்து போகிறார்களா பார்ப்போம். தீர்ப்பை மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

பெண் பிள்ளைகள் விஷயம். ஒத்திகை எங்கே, எத்தனை மணிக்கு என்று நீங்கள் எழுதவே இல்லை. ராத்திரி கிளப்பில் என்றால், யானை நடமாடும் காட்டுப் பாதையில் எந்த அம்மா அனுப்புவார்? ஞாயிற்றுக்கிழமை பகலில், லயத்து முற்றத்தில் வையுங்கள். துணி துவைத்துக்கொண்டே அம்மாக்கள் பார்க்கட்டும். தப்பாக நடித்தால் அவர்களே திருத்த வருவார்கள்.

அன்புடன்,
அக்கா