திமிங்கிலம் பார்க்கப் படகேறலாமா?

விடுமுறைக்கு இலங்கை போகிறவர்களும் போய் வந்தவர்களும் ஏறக்குறைய ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஒரே பதிலில் எல்லாரையும் திருப்பியனுப்ப முடியாது என்பதால் தனித்தனியாகவே எடுத்துக்கொள்கிறேன். முதல் பயணத்தில் வயிற்றில் இருந்ததை எல்லாம் இந்துமாக்கடலுக்குக் காணிக்கை செலுத்திவிட்டுக் கரை சேர்ந்தவன் நான். அதன் பிறகும் பலமுறை போயிருக்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இப்போதே தெரிந்திருக்கும்.

டிசம்பர் கடைசி வாரம் குடும்பத்துடன் திருகோணமலை போகிறோம். விடுதிக்காரர் திமிங்கிலம் காட்ட ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார். முன்பணம் கட்டலாமா? – ஈரோட்டிலிருந்து ஒருவர்

கட்டாதீர்கள். டிசம்பரில் கிழக்குக் கரையில் வாடைக் காற்றும் மழையும். அந்த அலையில் மீனவர்களே யோசித்துத்தான் வள்ளம் இறக்குவார்கள். இலங்கையைச் சுற்றித் திமிங்கிலம் பார்ப்பதற்குக் காற்றுதான் பஞ்சாங்கம். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை தெற்கே மிரிசாவும் வடமேற்கே கற்பிட்டியும். மே மாதம் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று எழுந்து தெற்குக் கடல் கொந்தளிக்கும்போது திருகோணமலைப் பக்கம் அமைதியாகிவிடும். மார்ச்சிலிருந்து ஆகஸ்டு வரை அங்கே போகலாம்.

உங்கள் தேதி மாறாது என்றால் வண்டியை மிரிசாவுக்குத் திருப்புங்கள். திருகோணமலையில் கோணேசரைக் கும்பிட்டுவிட்டு வாருங்கள், அதற்குப் பருவம் கிடையாது.

மிரிசாவில் விடியற்காலை படகேறி ஐந்து மணி நேரம் வெயிலில் காய்ந்தோம். பார்த்தது தூரத்தில் ஒரு கரிய முதுகு, இரண்டு முறை. நால்வருக்கும் சேர்த்துச் செலவழித்த பணத்தில் ஒரு வாரம் சாப்பிட்டிருக்கலாம். இதை ஏன் இவ்வளவு புகழ்கிறார்கள்? – சென்னையிலிருந்து ஒரு வாசகி

உங்கள் கோபம் நியாயம். ஆனால் கோபப்பட வேண்டியது திமிங்கிலத்தின் மீதா, படகோட்டியின் மீதா என்பதைப் பார்த்துவிடலாம்.

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் நீலத் திமிங்கிலமாகத்தான் இருக்கும். இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனைக்குத் தெற்கே, கரையை ஒட்டிய ஆழமற்ற கண்டத் திட்டு மிகக் குறுகலானது. சிறிது தூரம் போனதுமே கடல் அடி ஆழத்துக்குச் சரிந்துவிடும். அதனால்தான் உலகின் ஆகப் பெரிய விலங்கை, காலை உணவுக்கும் மதிய உணவுக்கும் இடையில் போய்ப் பார்த்துவிட்டு வர முடிகிறது. இங்குள்ளவை அண்டார்க்டிக் கடலில் வாழும் இனத்தைவிடச் சற்றுச் சிறியவை. சிறியவை என்றாலும் இருபது மீட்டருக்கு மேல், இரண்டு பஸ்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திய நீளம். ஆனால் அதில் நமக்குத் தெரிவது பத்தில் ஒரு பங்கு. இதை டிக்கெட் விற்கிறவர்கள் சொல்வதில்லை. சுவரொட்டியில் வானத்தை நோக்கித் துள்ளிக்கொண்டிருப்பது கூனல் திமிங்கிலம். நீலத் திமிங்கிலம் அப்படித் துள்ளுவது மிக அரிது. அந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம் உறுதி.

எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் அதே ஐந்து மணி நேரம் வேறாக இருக்கும். முதலில் மூச்சு. ஒன்பது மீட்டர் உயரம்வரை நீராவித் தூண்போல நேராக எழும். ஆழத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் இருந்துவிட்டு மேலே வந்தால், சில விநாடிகளுக்கு ஒருமுறை என்று வரிசையாகச் சில மூச்சுகள் விடும். பிறகு முதுகு வழக்கத்தைவிட உயரமாக வளையும். அதுதான் அறிகுறி. அடுத்த நொடி வால் மேலே வரலாம், வராமலும் போகலாம். போன இடத்தில் நீர் எண்ணெய் ஊற்றியதுபோல வழவழப்பான வட்டமாகச் சிறிது நேரம் நிற்கும். நல்ல படகோட்டி அந்த வட்டத்தைப் பார்த்ததும் என்ஜினைத் தணித்துக் காத்திருப்பார். அவசரக்காரர் விரட்டுவார். விரட்டினால் திமிங்கிலம் மூச்சுகளைக் குறைத்துக்கொண்டு சீக்கிரமே முங்கிவிடும். நீங்கள் பார்த்த இரண்டு முதுகுகளும் விரட்டப்பட்ட முதுகுகளாக இருந்திருக்கலாம்.

என் முதல் பயணமும் அப்படித்தான். பெயர் எதற்கு, மலிவாகக் கிடைத்த ஒரு படகு. ஒரே ஒரு திமிங்கிலம், சுற்றிலும் பதினொரு படகுகள். எங்கள் ஆள் அதன் முன்னால் குறுக்கே போய் நிறுத்தினார். பயணிகள் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் கடலில் ஒன்றுமே இல்லை. அது சட்டத்தை மீறிய செயல் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. இலங்கையில் 2012ஆம் ஆண்டு விதிகளின்படி திமிங்கிலத்தை 100 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது. பக்கவாட்டில், சற்றுப் பின்தங்கி, அதன் வேகத்திலேயே போக வேண்டும். முகத்துக்கு நேரே போவதும் வழிமறிப்பதும் தவறு.

ஆகவே அடுத்த முறை பணம் கட்டுமுன் படகுக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “எவ்வளவு கிட்டே போவீர்கள்?” “தொட்டுவிடலாம் சார்” என்று சொல்பவரை விட்டு நகர்ந்துவிடுங்கள். “நூறு மீட்டர், அதுவாக வந்தால்தான் கிட்டத்தில்” என்பவரிடம் பேரம் பேசாமல் கொடுங்கள். அந்தக் கூடுதல் ரூபாய் வீண்போகாது.

“நூறு சதவீத உத்தரவாதம், தெரியாவிட்டால் மறுபயணம் இலவசம்” என்று பலகை வைத்திருக்கிறார்களே? – மதுரை

மறுநாள் காலை விமானம் ஏறப் போகிறவருக்கு மறுபயணம் எதற்கு? அது வியாபாரிக்கு நன்றாகவே தெரியும். சில இடங்களில் ஓர் ஓங்கிலோ (டால்பினைத்தான் சொல்கிறேன்) ஆமையோ தலைகாட்டினால்கூட “பார்த்தாயிற்று” என்று கணக்கு வைத்துக்கொள்வார்கள். நியூசிலாந்தின் கைக்கோராவில் மாவோரி மக்கள் நடத்தும் நிறுவனம், திமிங்கிலம் தெரியாத நாளில் கட்டணத்தில் 80 சதவீதத்தைத் திருப்பித் தருகிறது. உத்தரவாதம் என்றால் அதுதான். அங்கே கரையை ஒட்டியே ஆழப் பள்ளம் இருப்பதால் எண்ணெய்த் திமிங்கிலங்கள் ஆண்டு முழுவதும் தங்குகின்றன, அந்தத் துணிச்சலில் தருகிறார்கள்.

கற்பிட்டியில் டால்பின்களோடு நீந்தலாம் என்று நண்பர் சொல்கிறார். பிள்ளைகள் நன்றாக நீந்துவார்கள். – கொழும்பிலிருந்து ஒரு தந்தை

படகில் இருந்தபடி பாருங்கள், இறங்காதீர்கள். கற்பிட்டியில் வருபவை சுழல் ஓங்கில்கள். நூற்றுக்கணக்கில் வரும். ஒரே துள்ளலில் பம்பரமாகச் சுற்றிவிட்டு விழும். பிள்ளைகளுடன் போகிறவர்களுக்கு நான் மிரிசாவைவிடக் கற்பிட்டியைத்தான் முதலில் சொல்வேன். திமிங்கிலத்துக்குப் பொறுமை வேண்டும். ஓங்கில் வந்துவிட்டால் பொறுமைக்கே வேலையில்லை, படகின் மூக்கோடு போட்டிபோட்டுக்கொண்டு அவையே வரும்.

இறங்க வேண்டாம் என்பதற்குக் காரணம் பிள்ளைகளின் நீச்சல் இல்லை. சுழல் ஓங்கில்கள் இரவெல்லாம் வேட்டையாடிவிட்டுப் பகலில்தான் ஓய்வெடுக்கும். இரவுப் பணி முடித்துவிட்டு வந்தவர் வீட்டில் காலை எட்டு மணிக்கு மேளம் அடிப்பது போன்றதுதான் நாம் நடுவில் குதிப்பது. ஹவாயில் ஆண்டுக்கணக்கில் இதே தொழில் நடந்து, 2021இல் அமெரிக்க அரசு கரையோரத்தில் சுழல் ஓங்கில்களை ஏறத்தாழ 45 மீட்டருக்குள் நெருங்கவே தடை போட்டுவிட்டது.

அப்படியானால் நாம் போவதே அவற்றுக்குத் தொல்லைதானே? போகாமல் இருப்பதுதான் நியாயம் என்று என் மகள் வாதிடுகிறாள். – திருச்சி

மகளுக்கு என் மரியாதையைச் சொல்லுங்கள். ஆனால் முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மிரிசாவுக்குத் தெற்கே படகில் போகும்போது தொடுவானத்தில் ரயில் பெட்டிகள்போலச் சரக்குக் கப்பல்கள் போய்க்கொண்டிருக்கும். உலகின் மிக நெரிசலான கப்பல் வழிகளில் அதுவும் ஒன்று. அது திமிங்கிலங்கள் இரை தேடும் இடத்தின் நடுவிலேயே போகிறது. 2012இல் கொழும்புத் துறைமுகத்துக்குள் நுழைந்த ஒரு கப்பலின் முகப்பில் செத்த நீலத் திமிங்கிலம் மடிந்து தொங்கிக்கொண்டிருந்தது. கப்பல் வழியைத் தெற்கே தள்ளுங்கள் என்று ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டுவந்தார்கள். 2022இல் உலகின் மிகப் பெரிய சரக்குப் பெட்டிக் கப்பல் நிறுவனங்களில் ஒன்றான எம்.எஸ்.சி., தன் கப்பல்களைத் தானாகவே பழைய வழிக்குத் தெற்கே 15 கடல்மைல் போல விலக்கிச் செல்ல வைத்தது. யாரும் பார்க்கப் போகாத, யாருக்கும் தெரியாத திமிங்கிலங்களாக இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்பது என் சந்தேகம். 1960களில் சோவியத் கப்பல்கள் இந்துமாக்கடலின் வடபகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களைத் திருட்டுத்தனமாகக் கொன்றபோது உலகுக்கு அது தெரியவே இல்லை.

இன்னொன்றும் மகளிடம் சொல்லுங்கள். இந்தத் திமிங்கிலங்கள் மற்றக் கடல்களில் உள்ளவைபோலக் குளிர்ந்த துருவத்துக்குப் போய் உண்பதில்லை, வெப்பக் கடலிலேயே உண்டு வாழ்கின்றன. அதை உலகறியச் செய்தவர் இலங்கையின் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ். 2003இல் ஓர் ஆய்வுக் கப்பலில் போனபோது அவர் கண்ணில் பட்ட துப்பு, நீரில் மிதந்த சிவந்த திமிங்கிலச் சாணம். இரை இங்கேயே இருந்தால்தானே சாணம் இங்கே இருக்கும்? படகில் போகும்போது செங்கல் நிறத்தில் ஏதாவது மிதந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டாவது பார்த்துவிடுங்கள்.

ஆக, போகலாம். விதி மீறாத படகில் மட்டும். அப்படி ஒன்று கிடைக்காவிட்டால் மகள் சொல்வதுதான் சரி.

அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. ஆனால் வாழ்நாளில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்கிறார். – யாழ்ப்பாணம்

திருகோணமலையை அடுத்த நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் போவது சிறிய கண்ணாடியிழைப் படகுகள். அலையில் தூக்கித் தூக்கிப் போடும், கழிப்பறை இருக்காது. அம்மாவுக்கு அது வேண்டாம். மிரிசாவின் இரண்டு தட்டுப் படகுகளில் கழிப்பறையும் நிழலும் உண்டு. கீழ்த்தட்டில் நடுவில் இடம் கேட்டு வாங்குங்கள்.

படகே வேண்டாம் என்றாலும் வழி இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து அதிக தூரமும் இல்லை. கோணேசர் கோயில் நிற்கும் கோணமாமலைப் பாறையிலிருந்தே நீலத் திமிங்கிலத்தைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். திருகோணமலைக் கடலடிப் பள்ளத்தாக்கு கரைக்கு அவ்வளவு பக்கம். மார்ச், ஏப்ரலில் காற்று அடங்கிய காலையாகப் பார்த்து, கையில் ஒரு தொலைநோக்கியோடு, பூசை முடிந்ததும் கடலைப் பார்த்து உட்காரச் சொல்லுங்கள். தெரிவது மூச்சாகத்தான் இருக்கும். தெரியாவிட்டாலும் சாமி கும்பிட்டாயிற்று.

டொரன்டோவில் இருக்கிறோம். இலங்கை வரை போகாமல் இங்கேயே பார்க்க இடம் உண்டா?

கியூபெக்கின் தாதுசாக். உங்களுக்கு ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர், நீண்ட வார இறுதி ஒன்று வேண்டும். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை போங்கள். செயின்ட் லாரன்ஸ் ஆற்று முகத்தில் ஆழ்கடல் நீர் மேலெழுந்து இரையைக் குவிப்பதால் மிங்கி, துடுப்புத் திமிங்கிலம், அவ்வப்போது நீலத் திமிங்கிலம்கூட வரும். வெள்ளை நிறப் பெலூகாக்கள் அங்கேயே குடியிருப்பவை. அவை அருகிவருவதால் படகுகள் 400 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. பணம் மிச்சம் பிடிக்க நினைத்தால் பக்கத்தில் காப் தெ போன் தெசிர் என்ற இடத்தில் கரைப் பாறைகளில் உட்கார்ந்தே பாருங்கள், சில நாள்களில் படகில் போனவர்களைவிட நன்றாகப் பார்க்கலாம். ஜூலை மாதம்தானே என்று மெல்லிய சட்டையோடு போய்விடாதீர்கள்.

கோவாவில் ஒரு மணி நேர டால்பின் சவாரி?

கடலைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் போங்கள். ஓங்கிலைப் பார்க்க என்றால், ஐந்தாறு படகுகள் ஒரே கூட்டத்தைத் துரத்துவதைப் பார்க்க நேரிடலாம். மலிவுக்கு ஏற்ற அனுபவம்.

தமிழ்நாட்டுக் கரையிலேயே ஏன் இப்படி ஒன்றும் இல்லை? நம் கடலில் திமிங்கிலம் இல்லையா? – தூத்துக்குடி

இருக்கிறது, பெரும்பாலும் வருத்தமான செய்தியாகத்தான் நமக்குத் தெரியவருகிறது. 2016 ஜனவரியில் உங்கள் மாவட்டத்து மணப்பாடு, கல்லாமொழிப் பக்கம் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் கரையொதுங்கின. மீனவர்கள் இரவெல்லாம் கயிறு கட்டி ஆழத்துக்கு இழுத்துப்போய் விட்டார்கள், பல திரும்பவும் கரைக்கே வந்தன. 1973இலும் அதே கரையில் இப்படி நடந்தது. பயணமாகப் போய்ப் பார்ப்பதற்கு, பெரிய திமிங்கிலம் தேடும் ஆழம் மன்னார் வளைகுடாவின் கரையோரத்தில் இல்லை. ஓங்கில் உண்டு. தெர்மல் நகர்ப் பக்கம் வலை இழுப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், உங்களுக்கு என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக் கப்பலில் போகும்போது தெரியுமா?

பாக்கு நீரிணை பல இடங்களில் ஒரு தென்னை மரத்தின் ஆழம்கூட இல்லை. நீலத் திமிங்கிலம் அங்கே வந்தால் அது வழி தவறி வந்தது என்று பொருள். ஓங்கில் வந்தால் அன்றைய அதிர்ஷ்டம். தூங்கிக்கொண்டு போங்கள்.

வாந்திக்கு என்ன செய்வது? – அநேகமாக எல்லாரும்

இதற்கு மட்டும் என் அனுபவத்தில் முழு நம்பிக்கையோடு பதில் சொல்வேன். மாத்திரையைப் படகேறிய பிறகு விழுங்குவதால் பயனில்லை; ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். எந்த மாத்திரை என்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் கட்டாயம் கேட்க வேண்டும். வெறும் வயிறும் கூடாது, விடுதியின் எண்ணெய்ப் பரோட்டாவும் கூடாது. இரண்டு இட்லி, அல்லது ஒரு வாழைப்பழம். படகின் நடுவில், கீழ்த்தட்டில் உட்காருங்கள். மேல்தட்டில் காட்சி நன்றாக இருக்கும், ஆட்டமும் இரு மடங்கு. கண்ணைத் தொடுவானத்தில் வையுங்கள். கைப்பேசித் திரையைப் பார்த்தீர்களோ, முடிந்தது.

அதையும் மீறி வந்துவிட்டால் காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்று பார்த்துவிட்டு, எதிர்ப் பக்கம் போய்க் குனியுங்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருப்பது நானாகவும் இருக்கலாம்.