பாலம் தொடங்கும் இடத்தில் மீண்டும் விழும் பள்ளம்: மனுவில் எதைக் கேட்பது?

வணக்கம். பாலமும் சாலையும் சேருமிடத்துப் பள்ளத்தை நெடுஞ்சாலைத் துறையினர் மூன்று முறை தார்க்கலவையால் நிரப்பியும் அது மறுபடி இறங்குவதாகவும், அடுத்த மனுவை எப்படி எழுதுவது என்றும் கேட்டிருந்தீர்கள்.

பாலம் உறுதியான அடித்தளத்தின் மேல் நிற்பதால் பெரும்பாலும் அசைவதில்லை. அதை ஒட்டிய அணுகுசாலையோ கொட்டி இறுக்கிய மண்ணின் மேல் கிடப்பதால் நாளடைவில் அமுங்குகிறது. பாலத்தின் முனையைத் தாங்கி, சாலைப்பக்க மண்ணையும் தடுத்து நிற்கும் முனைச்சுவரை நெருங்கிப் பெரிய ரோலரை ஓட்ட முடியாது என்பதால், சுவரை ஒட்டிய அந்தச் சில அடி மண்தான் பல இடங்களில் சரியாக இறுகாமல் போகிறது. பாலமும் சாலையும் சேருமிடத்து இணைப்பு இடுக்கின் வழியே மழைநீரும் இறங்கி மண்ணை அரித்தால், மேலே போடும் தார் வெறும் ஒட்டுதான்.

நல்ல மழைக்குப் பிறகு, சாலையில் நின்று அல்ல, பக்கவாட்டிலிருந்து முனைச்சுவரின் நீர்வடி துளைகளைப் பாருங்கள். துளையின் வாயில் ஈரமண் குவிந்திருந்தால் உள்ளே அரிப்பு நடக்கிறது என்று சந்தேகிக்கலாம். புல் முளைத்துத் துளை அடைபட்டிருந்தால் நீர் சுவருக்குப் பின்னால் தேங்கக்கூடும். இவற்றில் எது தெரிந்தாலும் படமெடுத்து மனுவுடன் இணைத்துவிடுங்கள்.

மனுவில் "பள்ளத்தை மூடவும்" என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் ஒரு சட்டி தார்க்கலவையைக் கொட்டிவிட்டு மனுவை முடித்துவிடுவார்கள், அதில் தவறும் காண முடியாது. சாலை எண், அருகிலுள்ள கிலோமீட்டர் கல், முன்பு நிரப்பிய தேதிகள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, இணைப்பு இடுக்கையும் வடிகாலையும் பாலப் பொறியாளர் நேரில் ஆய்வு செய்ய வேண்டும் என்றும், அணுகுசாலையின் அடியில், பாலத்துக்கும் மண்ணுக்கும் இடையே சாலையைத் தாங்கும் கான்கிரீட் பலகை உள்ளதா என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் கேளுங்கள்.