காய்ச்சல் சட்டென்று இறங்கினால் நாடியைப் பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. காய்ச்சல் தொடங்கி 13 நாளாகிறது. முதலில் வீட்டில் மிச்சம் இருந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரையை 2 நாள் கொடுத்தோம், கேட்கவில்லை. பிறகு டாக்டரிடம் காட்டினோம். விடால் டெஸ்டில் 1:160 வந்தது, டைபாய்டு என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். 4 நாளாக மாத்திரை போகிறது. இன்னும் மாலையானால் 102 அடிக்கிறது. மறுபடி விடால் எடுத்தோம், 1:320 ஆகிவிட்டது. நாக்கெல்லாம் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. 3 நாளாக மலம் போகவில்லை. முடி கொட்டிவிடும், கிருமி ஆயுளுக்கும் ரத்தத்தில் தங்கிவிடும், குடலில் ஓட்டை விழும் என்றெல்லாம் இணையத்தில் போட்டிருக்கிறார்கள். பேதி மாத்திரை கொடுக்கலாமா? வீட்டில் மற்றவர்களும் முன்னெச்சரிக்கையாக மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டுமா? எனக்கு இரவெல்லாம் தூக்கம் இல்லை டாக்டர்.

பதில்: பேதி மாத்திரை வேண்டாம் அம்மா. எனிமாவும் வேண்டாம். கைமருந்து என்று யாராவது எதையாவது கொண்டுவந்து கொடுத்தால் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

நிறைய கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அந்தக் குடல் ஓட்டைதான் என்று நினைக்கிறேன். அது பொய் இல்லை, டைபாய்டில் அப்படி நடப்பதுண்டு. யாருக்கு, எப்போது, எப்படித் தெரியும் என்பதை மட்டும் சௌகரியமாக விட்டுவிட்டு மீதியைப் போட்டிருக்கிறார்கள்.

டைபாய்டு கிருமி அசுத்தமான தண்ணீரிலும் உணவிலும் ஏறி வாய் வழியாக உள்ளே போகிறது. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் நிணநீர்த் திசு திட்டுத் திட்டாக இருக்கும். அதன் வழியாக நுழைந்து, கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை என்று பல இடங்களில் குடியேறிப் பெருகி, ரத்தத்தில் இறங்கும்போது காய்ச்சல் தொடங்குகிறது. கிருமி உள்ளே போய் ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துத்தான் இது நடக்கும். அதனால் நேற்று என்ன சாப்பிட்டான் என்று தேடிப் பயன் இல்லை. அப்புறம் அது பித்தப்பைக்குப் போய், பித்தநீரோடு மறுபடி குடலுக்கே வந்து, முன்பு நுழைந்த அதே திட்டுகளைத் தாக்குகிறது. இரண்டாவது வாரத்தில் அவை வீங்கிப் புண்ணாகின்றன. பெரும்பாலானவர்களுக்கு அந்தப் புண் தானாக ஆறிவிடும். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு நோய் கண்டவர்களிலேயே 100-க்கு 1 முதல் 3 பேருக்குத்தான் அது ஆழமாகப் போய் ஓட்டையாகிறது. பேதி மருந்து வேண்டாம் என்றது இதனால்தான். புண்பட்டிருக்கும் குடலை மருந்து கொடுத்து முறுக்கக்கூடாது. டைபாய்டில் மலச்சிக்கல் சகஜம். 3 நாள் போகாவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது, தண்ணீர் நிறையக் கொடுங்கள். ஒரு வாரம் ஆகியும் போகாமல் வயிறு உப்பினால் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

ஓட்டையோ ரத்தக்கசிவோ வருவதானால் பெரும்பாலும் இரண்டாவது வாரக் கடைசியிலிருந்து மூன்றாவது வாரத்துக்குள் வரும். பையன் இப்போது அந்த இடத்தில்தான் இருக்கிறான். அதனால் இந்த ஒரு அடையாளத்தை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டைபாய்டு காய்ச்சல் மருந்துக்கு அடங்கும்போது மெதுவாகத்தான் இறங்கும். நேற்று மாலை 103, இன்று 102, நாளை 101 என்று போகும். அப்படி இல்லாமல், 103-ல் கிடந்தவனுக்குச் சட்டென்று 97-க்கு இறங்கி, கை கால் சில்லிட்டு, வியர்த்துக் கொட்டினால் வீட்டில் இருப்பவர்கள் 'அப்பாடா, காய்ச்சல் விட்டுவிட்டது' என்பார்கள். நான் அந்த நேரத்தில் நாடியைத்தான் பிடிப்பேன். டைபாய்டுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. காய்ச்சல் எவ்வளவு ஏறினாலும் பலருக்கு நாடி அதற்கேற்ப ஓடாது. 103 அடிக்கும்போதும் நிமிடத்துக்கு 90 தான் இருக்கும். குடல் ஓட்டையானாலோ உள்ளே ரத்தம் போனாலோ இது தலைகீழாகிவிடும்: காய்ச்சல் விழும், நாடி ஏறும். வார்டில் இரண்டையும் ஒரே தாளில் இரண்டு கோடுகளாக வரைந்துகொண்டே வருவோம். இறங்குகிற கோட்டை ஏறுகிற கோடு வெட்டியது என்றால் சர்ஜனுக்குப் போன் போய்விடும்.

பாராசிட்டமால் போட்டாலும் வியர்த்து இறங்கும்தான். அப்போது நாடியும் கூடவே இறங்கும், பையன் முகம் தெளியும், குடிக்க ஏதாவது கேட்பான். அதற்குப் பயப்பட வேண்டாம்.

வயிற்று வலியிலும் இதே மாதிரி வித்தியாசம் உண்டு. லேசான வலி, உப்புசம், இரைச்சல் எல்லாம் இந்த நோயில் இருப்பதுதான். ஓட்டை விழுந்த வலி பெரும்பாலும் அடிவயிற்றில் வலது பக்கம் திடீரென்று பிடித்து வயிறு முழுக்கப் பரவும். புரண்டு படுக்க மாட்டான், முழங்காலை மடக்கி அசையாமல் கிடப்பான், இருமினால் முகம் சுளிப்பான், வயிற்றைத் தொட்டால் இறுகிப்போய் இருக்கும். இரண்டு வாரக் காய்ச்சலில் மந்தமாகிக் கிடப்பவன் வாய்விட்டு அலறமாட்டான், முனகுவதோடு நின்றுவிடலாம். 'கத்தவில்லையே, பெரிய வலியாக இருக்காது' என்று விட்டுவிடாதீர்கள். மலம் தார் மாதிரி கருப்பாகவோ சிவப்பாகவோ போனாலும், எழுந்து நின்றால் கண் இருட்டினாலும், சம்பந்தமில்லாமல் பிதற்றிக்கொண்டு படுக்கை விரிப்பைப் பிடித்துப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாலும் விஷயம் முற்றிவிட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இவற்றில் எது வந்தாலும் நள்ளிரவானாலும் சரி, ஆபரேஷன் வசதி உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். வாயில் எதுவும் கொடுக்காதீர்கள், தண்ணீர்கூட. ஒரு வலி மாத்திரை போட்டுப் பார்ப்போம், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நிற்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்கு (மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) கீழே காற்று தெரிந்தால் ஓட்டை உறுதி. ஆபரேஷன் செய்து சரி செய்யலாம். எத்தனை மணி நேரத்துக்குள் கொண்டுபோகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆகவே இன்று முதல் நீங்கள் செய்ய வேண்டிய வேலை, 4 மணி நேரத்துக்கு ஒரு முறை காய்ச்சலையும், மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணிய நாடியையும் ஒரு தாளில் எழுதிவைப்பது. கவலைப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு அது எவ்வளவோ மேல். உங்கள் டாக்டருக்கும் உதவும்.

மாத்திரை ஆரம்பித்து 4 நாளாகியும் காய்ச்சல் அடிக்கிறதே என்கிறீர்கள். சரியான மருந்து போனாலும் டைபாய்டு இறங்க 4 முதல் 6 நாள் ஆகும், சிலருக்கு ஒரு வாரம்கூட ஆகும். பார்க்க வேண்டியது உச்சம் குறைகிறதா என்பதைத்தான். 103 அடித்த இடத்தில் 102 என்றால் மருந்து வேலை செய்கிறது. 5 நாள் முழுதாகப் போயும் உச்சம் இம்மியும் அசையவில்லை என்றால் டாக்டரிடம் திரும்பப் போக வேண்டும். மருந்துக்கு அடங்காத கிருமியாக இருக்கலாம், டைபாய்டாகவே இல்லாமலும் இருக்கலாம்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. காய்ச்சல் தொடங்கி 13 நாளாகிறது, இரண்டு முறை விடால் எடுத்திருக்கிறீர்கள், ரத்தத்தில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சரை ஒரு முறைகூட எடுத்ததாக எழுதவில்லை. விடால் 1896-ல் பாரிஸில் வந்த டெஸ்ட். அது கிருமியைக் காட்டாது, கிருமிக்கு எதிராக உடம்பு தயாரித்த எதிர்ப்புப் பொருளைத்தான் காட்டும். டைபாய்டு அதிகம் உள்ள ஊர்களில் என்றைக்கோ வந்துபோன தொற்றுக்கும் அது பாசிட்டிவ் காட்டும், மலேரியாவுக்கும் காட்டும். அதே நேரம் உண்மையான டைபாய்டில் முதல் வாரத்தில் நெகட்டிவாகவும் இருக்கும். ரத்தத்தை எத்தனை மடங்கு நீர்த்தும் டெஸ்ட் பாசிட்டிவாக வருகிறது என்பதுதான் அந்த எண். 1:160 என்பது 1:320 ஆனதற்காக நோய் இரட்டிப்பாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. ஒரே ரத்தத்தை இரண்டு லேபில் கொடுத்தால் வருகிற வித்தியாசம் அது. குறைந்தது நான்கு மடங்கு ஏறினால்தான் யோசிக்கவே ஆரம்பிப்போம். தயவுசெய்து மூன்றாவது தடவை எடுக்காதீர்கள். குணமான பிறகும் பல மாதங்கள் அது பாசிட்டிவாகவே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு 'டைபாய்டு இன்னும் ரத்தத்தில் இருக்கிறது' என்று மறுபடி மறுபடி ஆன்டிபயாட்டிக் விழுங்குகிறவர்கள் ஏராளம்.

கல்ச்சர் அப்படி இல்லை. கிருமியையே வளர்த்துக் காட்டி, எந்த மருந்துக்கு அது சாகும் என்றும் சொல்லிவிடும். ஆனால் முதல் ஆன்டிபயாட்டிக் மாத்திரைக்கு முன்னால் ரத்தம் எடுக்க வேண்டும். அப்போதுகூட பாதிக்குச் சற்று மேல்தான் பிடிபடும். நீங்கள் கொடுத்த அந்த 2 நாள் மிச்ச மாத்திரை, கிருமியைக் கொல்லவும் இல்லை, கல்ச்சரில் அது சிக்கும் வாய்ப்பையும் குறைத்துவிட்டது. இப்படி அரைகுறையாகப் போட்டுப் போட்டுத்தான் ஒவ்வொரு மருந்தாக இழந்துகொண்டு வருகிறோம். 1948-ல் வந்த குளோரம்பெனிகால் டைபாய்டுக்குக் கைகண்ட மருந்தாக இருந்தது. பிறகு சிப்ரோஃப்ளாக்சசின் அந்த இடத்துக்கு வந்தது, அதுவும் பல இடங்களில் போய்விட்டது. 2016-லிருந்து பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் பரவிய டைபாய்டு செஃப்ட்ரியாக்சோன் ஊசிக்கும் அடங்கவில்லை. வாயால் கொடுக்கும் மருந்தில் அசித்ரோமைசின் ஒன்றுதான் மிஞ்சியது. பையனுக்கு 5 நாளில் உச்சம் குறையாவிட்டால், தாமதமானாலும் பரவாயில்லை, மருந்தை மாற்றுவதற்கு முன் கல்ச்சர் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். குறைந்துவிட்டால் சந்தோஷம், ஆனால் எழுதிக்கொடுத்த நாள் கணக்கை முடிக்காமல் நிறுத்தாதீர்கள்.

மற்றவை சில்லறைக் கவலைகள். நாக்கில் வெள்ளைப் படிவு காய்ச்சல் போனால் போய்விடும், அதைச் சுரண்ட வேண்டாம். முடி கொட்டலாம், 2, 3 மாதம் கழித்துக் கொட்டும், திரும்ப முளைத்துவிடும், எண்ணெய் ஷாம்பூ எதுவும் வாங்க வேண்டியதில்லை. பட்டினி போடாதீர்கள். எளிதில் செரிக்கும் உணவாகக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் குளிக்கலாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும், ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் வேண்டாம், அவை ரத்தக்கசிவைக் கூட்டும்.

ஆயுளுக்கும் தங்கிவிடுமா? 100-க்கு 1 முதல் 5 பேருக்குப் பித்தப்பையில் கிருமி ஒரு வருடத்துக்கும் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும், பித்தப்பைக் கல் இருப்பவர்களுக்கு இன்னும் அதிகம். அவர்கள் நன்றாகத்தான் இருப்பார்கள், மற்றவர்களுக்குப் பரப்புவார்கள். நியூயார்க்கில் மேரி மேலன் என்ற சமையல்காரரை 1907-ல் இதற்காகத்தான் தனிமைப்படுத்தினார்கள். இன்று அதற்கு மருந்து இருக்கிறது. உங்கள் பையனைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியது மறுபடி தலைதூக்குவதைத்தான். காய்ச்சல் விட்டு 2, 3 வாரத்தில் 100-க்கு 5 முதல் 10 பேருக்குத் திரும்ப வரும். பெரும்பாலும் முதல் தடவையைவிட லேசாக இருக்கும், மருந்துக்குக் கேட்கும்.

வீட்டில் மற்றவர்கள் மாத்திரை போட்டுக்கொள்ளக் கூடாது. காற்றில் பரவுகிற நோய் இல்லை இது, அவன் பக்கத்தில் உட்காரலாம், தொடலாம். கழிவறைக்குப் போய் வந்தால் அவனும், அவனைக் கவனித்துக்கொள்பவர்களும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். முழுதாகக் குணமாகும்வரை அவன் சமையலில் கை வைக்க வேண்டாம். தண்ணீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் ஆனால் போதும். ஐஸில் கிருமி சாகாது. டைபாய்டுக்கான கான்ஜுகேட் வகைத் தடுப்பூசி ஒரே டோஸ், 6 மாதக் குழந்தையிலிருந்து போடலாம், சுமார் 80 சதவீதம் பாதுகாப்பு தரும். டைபாய்டு மாதிரியே இருக்கும், வேறு கிருமியால் வரும் பாரா டைபாய்டைத் தடுக்காது, ஏற்கெனவே உள்ளே போய்விட்ட கிருமியையும் ஒன்றும் செய்யாது. பையனும் குணமான பிறகு போட்டுக்கொள்ளலாம், ஒரு முறை வந்துவிட்டால் மறுபடி வராது என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அடுத்த சில வாரங்களில் வீட்டில் வேறு யாருக்காவது 3 நாள் தாண்டிக் காய்ச்சல் அடித்தால், மிச்ச மாத்திரையைத் தேடாமல் டாக்டரிடம் போய், வீட்டில் டைபாய்டு இருப்பதைச் சொல்லி, முதல் மாத்திரைக்கு முன்பே கல்ச்சருக்கு ரத்தம் கொடுத்துவிடுங்கள்.