'எனர்வேற்' என்றால் வலுவைத் தருவதா, பறிப்பதா?

காலையில் ஓடுவது தன்னை 'எனர்வேற்' (enervate) செய்கிறது என்று ஆங்கிலக் கட்டுரையில் எழுதியதை ஆசிரியர் அடித்துவிட்டதாகவும், 'எனர்ஜி'யோடு தொடர்புடைய சொல்லில் என்ன பிழை என்றும் உயர்தர வகுப்பில் படிக்கும் யாழ்ப்பாணத்து மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஆசிரியர் செய்தது சரியே. ஒருவரிடம் உள்ள வலுவைப் படிப்படியாக உறிஞ்சி அவரைத் தளரச் செய்வதையே அந்த வினைச்சொல் குறிக்கும். ஓசை ஒத்திருப்பதால் மயக்கம் வருகிறது, வேர்கள் வேறு. செயல், வேலை எனப் பொருள்படும் 'எர்கோன்' என்ற கிரேக்கச் சொல்லின் வழிவந்தது 'எனர்ஜி'. மற்றதோ, தசைநாணைக் குறிக்கும் 'நெர்வுஸ்' என்ற இலத்தீன் சொல்லோடு அகற்றுதலை உணர்த்தும் முன்னொட்டுச் சேர்ந்து உருவானது. நாணை அறுத்தால் கை இருந்தும் தூக்க ஏலாது என்பதை நினைவில் வைத்தால் பொருள் தடுமாறாது. ஓட்டம் புத்துணர்ச்சி தருகிறது என்று சொல்ல 'எனர்ஜைஸ்' அல்லது 'இன்விகரேற்' பொருந்தும்.

களைத்த நிலையைக் குறிக்கும் 'ரயேர்ட்' (tired) என்பதற்கு மாற்றாகவும் இதைப் போடுவது நல்லதல்ல. பகல் முழுவதும் வெங்காயத் தறையில் நின்றவருக்கு வருவது களைப்பு, படுத்தெழும்பினால் தீர்ந்துவிடும். சித்திரை மாதத்து மத்தியானத்தில், காற்று அசையாத வீட்டுக்குள் ஒரு வேலையும் செய்யாமல் இருந்தும் புத்தகத்தைத் திறக்க மனமும் உடம்பும் ஏலாமற் போகிறதே, அந்த நிலைக்கே இச்சொல் மிகப் பொருத்தமானது. நீண்ட காய்ச்சல், ஓயாத கவலை ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். சொகுசு வாழ்வு ஓர் அரசையோ சமூகத்தையோ உள்ளிருந்து தளர்த்தியது என எழுதுவோரும் இதனைக் கையாள்வர். தமிழில் 'வலுவிழக்கச் செய்தல்' என்பதைவிட, 'துவண்டுபோகச் செய்தல்' அதன் உணர்வுக்கு நெருக்கமானது என்பது என் கருத்து.

வாக்கியத்தில் அமைக்கும்போது தளரச் செய்கின்ற வெயிலுக்கு 'எனர்வேற்றிங்' என்ற வடிவத்தையும், தளர்ந்துபோன ஆளுக்கு 'எனர்வேற்றட்' என்ற வடிவத்தையும் எழுத வேண்டும். இவற்றை மாற்றிப் போட்டால், தான் சோர்ந்திருப்பதாகச் சொல்ல வந்தவர் பிறரைச் சோர்வடையச் செய்பவராகிவிடுவார். 'எனர்வேற்' என்பதை உச்சரிக்கும்போது அழுத்தம் முதல் அசையில் விழும். உயிரியல் படிப்போர் 'இன்னர்வேற்' (innervate) என்ற சொல்லையும் பிரித்தறிந்திருக்க வேண்டும். ஓர் உறுப்புக்கு நரம்பு சென்று சேர்வதை அது குறிக்கும்.