வாசகர் கேள்வி: சுரங்கத்து நீர் ஏன் புளிக்கிறது?

கேள்வி (வாசகர், ஒரத்தநாடு): 2023-இல் எங்கள் பக்கத்து வடசேரி நிலக்கரி ஏலப் பட்டியலில் இடம்பெற்று, எதிர்ப்புக்குப் பின் நீக்கப்பட்டது. சுரங்கத்திலிருந்து வெளிவரும் நீர் அமிலமாகிவிடும் என்று அப்போது பலர் சொன்னார்கள். நிலத்துக்குள் இருந்தவரை கெடாதது தோண்டியதும் ஏன் கெடுகிறது? சுண்ணாம்பு கொட்டினால் சரியாகாதா?

பதில்: நடவு வயலில் இறங்கியவர்களுக்கு இதில் பாதி விடை தெரியும். நீர் நிற்கும்வரை அடிச்சேறு கறுத்தே கிடக்கிறது. அதை அள்ளி வரப்பில் போட்டுக் காயவிட்டால் துருநிறம் ஏறுகிறது. காற்றுப் பட்டதும் சேற்றிலுள்ள இரும்பு மாறிவிடுகிறது. நிலக்கரிப் படுகைகளிலும் செம்பு, துத்தநாகத் தாதுப் பாறைகளிலும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் ஒன்று உண்டு. பொன்போல் மின்னும் அதற்குப் பைரைட்டு என்று பெயர். ஆழத்தில் காற்றுப் படாமல் கிடந்த அதை வெட்டி நொறுக்கிக் குவிக்கும்போது, காற்றும் மழைநீரும் பட்டுக் கந்தக அமிலம் உண்டாகிறது. இரும்பைக் கொண்டு வாழும் பாக்டீரியாக்கள் அந்தப் புளிப்பில் பெருகி வினையைப் பல மடங்கு விரைவுபடுத்துகின்றன. அமில நீர் தான் ஓடும் வழியிலுள்ள பாறையிலிருந்து அலுமினியம், மாங்கனீசு, காட்மியம் போன்றவற்றையும் கரைத்துக்கொள்கிறது. நீரின் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு ஓர் எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும் என்பதால், 7-இல் இருந்த ஓடை 3-க்கு இறங்கினால் கூடுவது 10,000 மடங்கு.

சுண்ணாம்பு பயன்படும், ஆனால் பைரைட்டு தீரும்வரை கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஓடையில் போடும் சுண்ணாம்புக்கல்லின் மேல் இரும்புத்துரு ஓடுபோல் படிந்து, சில காலத்தில் உள்ளே இருக்கும் கல் வேலை செய்யாமல் போகிறது. நீற்றுச் சுண்ணாம்பு கலந்தால் இரும்பு எளிதில் படிந்துவிடும், மாங்கனீசோ பி.எச். 9-ஐத் தாண்டும்வரை பெரும்பாலும் நீரிலேயே நிற்கும். படிந்த சேற்றைக் கொட்டவும் தனியிடம் வேண்டும். ஸ்பெயினின் ரியோ டின்டோ ஆறு, பண்டைக்காலம் முதல் தோண்டப்பட்ட மலைகளிலிருந்து இன்றும் செந்நிறமாகப் புளித்தே ஓடுகிறது.

எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும் என்பார்கள். இங்கே பிடுங்க வேண்டியது காற்றை. தோண்டுமுன்பே பாறையைச் சோதித்து, அதன் அமிலத்துக்கு ஈடாக அதிலேயே சுண்ணாம்புச் சத்து இருக்கிறதா என்று கணக்கிட வேண்டும். பைரைட்டாக 1 விழுக்காடு கந்தகமுள்ள ஒரு டன் பாறைக்குச் சுமார் 31 கிலோ சுண்ணாம்புக்கல் தேவை. போதிய அளவு இருந்தால் நீர் புளிக்காது, ஆனாலும் சல்பேட்டும் சில உலோகங்களும் அதில் தங்கலாம். இல்லையென்றால் அந்தப் பாறையைத் தனியே பிரித்து, களிமண்ணால் மூடியோ நீருக்கடியில் அமிழ்த்தியோ வைத்து, மழைநீரை வேறு வழியில் திருப்ப வேண்டும். எஞ்சிக் கசிவதைச் சம்பு வளர்ந்த செயற்கைச் சதுப்பில் மெல்ல ஓடவிட்டால் உலோகம் ஓரளவு படியும். சரிவு குறைந்து, ஒரே வாய்க்கால் பாசனத்துக்கும் குளத்துக்கும் நீர் கொடுக்கும் நம் டெல்டாவில், கெட்ட நீரைத் தனியே ஒதுக்கி வைப்பது மிகக் கடினம். டெல்டா விளைநிலங்களைக் காக்க 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தின் அருமை எனக்கு இதில்தான் தெரிகிறது.

கேள்வி (வாசகி, மன்னார்குடி): எங்கள் வாய்க்கால் ஓரத்தில் துருநிறச் சேறும், எண்ணெய்போல் மினுமினுக்கும் படலமும் தெரிகின்றன. இதுவும் அந்த அமிலமா?

பதில்: பெரும்பாலும் இல்லை. படலத்தைக் குச்சியால் தொட்டுப் பாருங்கள். தட்டுத்தட்டாக உடைந்து விலகியே நின்றால் அது இரும்புப் பாக்டீரியாவின் வேலை. மீண்டும் ஒன்றுகூடினால் எண்ணெய். புளிப்பு இருக்கிறதா என்று அறிய, நீலச் சங்குப்பூ ஊறிய நீரைச் சிறிது கலந்து பாருங்கள். நீலம் நீலமாகவே நின்றால் கடும் அமிலம் இல்லை. ஊதாவாகவோ சிவப்பாகவோ மாறினால் அந்த நீரை மடை திறந்து வயலுக்கு விடாமல், ஆய்வகத்தில் பி.எச். அளவோடு இரும்பு, மாங்கனீசு, அலுமினியம் ஆகியவற்றையும் சேர்த்தே அளக்கச் சொல்லுங்கள்.