மனையியல் படிக்க நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்துவிட்டு பி.எஸ்சி. மனையியல் சேர ஆசைப்படுகிறாள். சீட் கிடைத்திருப்பது சுயநிதிக் கல்லூரியில். ஹாஸ்டலோடு வருடம் ஒரு லட்சம் ஆகும். நானும் கணவரும் சிறிய தையல் கடை நடத்துகிறோம். பத்து பவுன் நகையை அடகு வைத்துக் கட்டலாமா? சொந்தக்காரர்களோ, "சோறாக்கப் படிக்க மூணு லட்சமா?" என்கிறார்கள்.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: சொந்தக்காரர்கள் பேச்சை விடுங்கள். ஊட்டச்சத்து, குழந்தை வளர்ச்சி, குடும்ப வள மேலாண்மை, துணியியல் எல்லாம் மனையியலில் வரும். உங்கள் தையல் தொழிலே அதில் ஒரு பாடம்!

நகைக்கடன் மட்டும் வேண்டாம். அதைப் பொதுவாக ஒரு வருடத்தில் திருப்ப வேண்டும், அல்லது வட்டியைக் கட்டி மாற்றி வைக்க வேண்டும். மகள் சம்பாதிக்கப்போவதோ நாலைந்து வருடம் கழித்து. நடுவில் கடையில் வேலை குறைந்தால் நகை ஏலத்துக்குப் போய்விடும். இந்தச் செலவுக்குப் பொருந்துவது கல்விக்கடன்தான். வங்கிகளின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் வரை அடமானமும் கிடையாது, நம் பங்காகப் போட வேண்டிய முன்பணமும் கிடையாது. பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்டத் தேவையில்லை.

ஆனால் வட்டி கடன் வாங்கிய அன்றிலிருந்தே ஓடும். வருடம் ஒரு லட்சமாக வாங்கி, 10 சதவீதத் தனிவட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். தவணை தொடங்கும்போது வட்டி மட்டும் 90,000 சேர்ந்திருக்கும். 3.9 லட்சத்தை ஏழு வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 6,475 ரூபாய். வட்டியை அவ்வப்போதே கட்டிவந்தால் தவணை 4,980-தான். முதல் வருடம் கட்ட வேண்டிய வட்டி மாதம் 833 ரூபாய். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த மாணவிக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் வரும் மாதம் 1,000 ரூபாயே இதற்குப் போதும். இரண்டாம் வருடம் 1,667, மூன்றாம் வருடம் 2,500. மிச்சத்தைக் கடை வருமானத்தில் சமாளிக்கலாம்.

கடனை விட என்னை யோசிக்க வைப்பது வேறு. பெரிய ஆஸ்பத்திரிகளில் டயட்டீஷியன் வேலைக்கு வெறும் பி.எஸ்சி.யோடு போனால் சம்பளம் சொற்பம். எம்.எஸ்சி. அல்லது டயட்டெடிக்ஸ் முதுநிலை டிப்ளமோவும், ஆஸ்பத்திரிப் பயிற்சியும் கேட்பார்கள். அப்புறம், உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஆகலாம் என்று யாராவது ஆசை காட்டினால் விதியைப் படித்துப் பாருங்கள். அதிலுள்ள பட்டியலில் உணவுத் தொழில்நுட்பம், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் எல்லாம் உண்டு, மனையியல் இல்லை.

அதனால் ஐந்து வருடத்துக்குக் கணக்குப் போடுங்கள். இப்போதே மூன்று லட்சத்தை இளநிலைக்குக் கரைத்துவிட்டு முதுநிலைக்குக் கையைப் பிசைவதைவிட, அரசுக் கல்லூரியிலோ, உதவிபெறும் கல்லூரியின் உதவிபெறும் பிரிவிலோ இதே படிப்பு கிடைக்குமா என்று முதலில் தேடுங்கள். பிளஸ் டூவில் அறிவியல் பாடங்கள் எடுத்திருந்தால், மதுரையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சமுதாய அறிவியல் கல்லூரியையும் பாருங்கள். உணவு, ஊட்டச்சத்து, டயட்டெடிக்ஸில் அங்கே நான்கு வருட ஆனர்ஸ் பட்டம் இருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து பக்கம்தானே!

எதுவும் அமையாவிட்டால் இந்தச் சீட்டையே எடுத்துக்கொள்ளலாம், தப்பில்லை. பணம் கட்டும் முன், எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை வாரம் பயிற்சி தருவார்கள், அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று துறைத்தலைவரிடம் கேளுங்கள். போன வருடம் முடித்த இரண்டு பெண்களின் நம்பரையும் வாங்கிப் பேசிவிடுங்கள்.